மேற்குக் கதவு

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த அறை முதலில் வராந்தாவாக இருந்தது, தெரியுமா சார்? உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சுவர் லேசாகப் புடைத்துக்கொண்டிருக்கிறதே, அது ஒரு தூண். பிற்காலத்தில் யாரோ இரண்டு தூண்களுக்கு நடுவே செங்கல்லை அடுக்கி இதை அறையாக்கியிருக்கிறார்கள். தரையைப் பாருங்கள், வாசல் பக்கமாகச் சற்றே சரிந்திருக்கும். மழைத்தண்ணீர் வெளியே ஓடுவதற்காக வராந்தாவுக்கு வைத்த வாட்டம் அது. உங்கள் ஏட்டய்யா மேசை ஆடுகிறதென்று காகிதத்தை மடித்து மடித்துக் காலடியில் செருகிக்கொண்டிருக்கிறார். மேசையில் ஒரு குறையும் இல்லை, தரைதான் அப்படி என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வக்கீல் என்னைப் பேசக்கூடாதென்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் சொல்வதும் அதுதான். "நீ வாயத் தொறக்காம இரு பொன்னு. எல்லாம் தானாச் சரியாப் போயிரும்" என்றார். தானாகச் சரியாகப் போவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பெயிண்டர் சங்கிலிமுத்து உள்ளே இருப்பான், நான் வீட்டில் இருப்பேன். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அவனை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தப்பு. அதைச் சொல்லத்தான் நானாகவே கிளம்பி வந்தேன். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் மாற்றிப் பேச மாட்டேன்.

என் பெயர் பொன்னுத்தங்கம். பிறந்தது விருதுநகர், வாக்கப்பட்டது சிவகாசி. அச்சகத்தை வீட்டுக்காரர் பார்க்கிறார். வெம்பக்கோட்டை போகிற வழியில் இருக்கும் பட்டாசுக் கம்பெனி என் பொறுப்பு. லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கலாம். ஆனால் அங்கே என்னைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட இடம் மாறியதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு எனக்கு முட்டி வலி வந்தது. நடக்கச் சொன்னார்கள். அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் அடிக்கடி விருதுநகரில் தங்குவேன். காலையில் கடை திறக்கும் முன் பஜார் வழியாக நடப்பேன். நாற்பது வருடமாகப் பார்த்த தெருதான். தலையைக் குனிந்து நடந்தால் அது ஒரே மாதிரி இருக்கும்: இரும்பு ஷட்டர், ஃபிளெக்ஸ் போர்டு, மொபைல் கடை. ஒரு நாள் மேலே தற்செயலாகப் பார்த்தேன். செல்போன் கடைக்கு மேலே காரைத் தூண்கள் நின்றன. தூணின் தலையில் வாழைப்பூ மடல் மடலாக விரிந்திருந்தது. அதற்கு மேல் அரைவட்ட வளைவு, வளைவின் நடுவில் சுதையில் செய்த ஒரு கிளி. கிளியின் மூக்கு உடைந்திருந்தது. இத்தனை காலமாக அந்தக் கடையில் ரீசார்ஜ் செய்திருக்கிறேன், கிளியைப் பார்த்ததில்லை.

அதன்பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பிடிக்கட்டும். புத்தகம் வாங்கிப் படித்தேன், வீடியோ பார்த்தேன், கொத்தனார்களிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு கட்டடத்தின் வயதை அதன் சன்ஷேடை வைத்துச் சொல்லப் பழகினேன். முனை வளைந்து, குறுக்கே மூன்று கோடு ஓடினால் அது பம்பாய்க்குப் போய் வந்த ஒரு முதலாளி கட்டியது. சிமெண்ட்டில் பூப்பூவாக ஓட்டை போட்ட தடுப்பு இருந்தால் மொசைக் தரை வந்த காலம். வாசலில் கிரேக்கத் தூண், மாடியில் மதுரைப் பக்கத்துக் கோயில் விமானம், கைப்பிடிச் சுவரில் கடிகாரம் என்று எல்லாம் ஒன்றாக இருந்தால், அது மிளகாய் வத்தல் வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்த ஒருவர் யாருடைய பேச்சையும் கேட்காமல் கட்டியது. எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். காலேஜ் பிள்ளைகள், பேங்க்காரர்கள், சில டாக்டர்கள். "அண்ணாந்து பாருங்க" என்பேன். பார்ப்பார்கள், வாயைப் பிளப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். பார்க்கக் கற்றுக்கொடுத்தேன் சார். அதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

அப்படிப் போனபோதுதான் அந்தக் குருட்டு ஜன்னலைக் கண்டேன். ஒரு சந்துக்குள் பழைய வத்தல் மண்டி வீடு. மாடியில் வரிசையாக ஐந்து ஜன்னல். நாலாவது ஜன்னலில் ஏதோ உறுத்தியது. காலையில் பார்த்தேன், சாயங்காலம் போய் மறுபடியும் பார்த்தேன். மற்ற நாலு ஜன்னல்களின் நிழலும் பக்கம் மாறியிருந்தது. அதன் நிழல் மட்டும் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. நிழலை வரைந்திருக்கிறார்கள்! சட்டம், பலகை, கீல் எல்லாமே சுண்ணாம்பும் சாயமும். உள்ளே அந்த இடத்தில் மாடிப்படி ஏறுகிறதாம், ஜன்னல் வைக்க வழியில்லை. வரிசை கெடக்கூடாதென்று ஒரு பொய்யை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கூட வந்தவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். நிழல் நகராது. ஜன்னல் கட்டைக்குக் கீழே மழைத்தண்ணீர் வடிந்த கறை இருக்காது. கை படும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. இதையெல்லாம் சொல்லச் சொல்ல, இந்த மூன்றையும் ஒருவன் சரிசெய்துவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாதே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இப்போது கம்பெனிக்கு வருகிறேன். பட்டாசு ரூமைக் கட்டடமாக யாரும் மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். சின்ன அறை, நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நாலு சுவரிலும் நாலு கதவு. கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது. வெடித்தால் மேலே தூக்கிக்கொண்டு போகட்டுமென்று இலேசான கூரை. ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவே வெறும் பொட்டல். ஒரு கோயிலைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறதல்லவா, அதுபோல இந்த அறை ஓடச் சொல்கிறது. அதன் ஒவ்வொரு அங்கமும் அதற்காகத்தான். இதை இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே தெரியாமல் செய்துவிட்டாள் என்று மட்டும் எழுதாதீர்கள்.

போன வருடம் ஆர்டர் குவிந்தது. பேன்சி ரகம் கேட்டு வடக்கேயிருந்து ஓயாமல் போன். இடம் போதவில்லை. புது ரூமுக்கு அனுமதி கேட்டால் அடுத்த சீசனே முடிந்துவிடும். இரண்டு ரூம்களுக்கு நடுவில் இருந்த பொட்டலைச் சுவர் எழுப்பி, தகரம் போட்டு மூடினேன். முடித்த சரக்கையும் கொஞ்சம் வெடிமருந்தையும் அங்கே வைத்தோம். அப்படி மூடியதில் ஒரு ரூமின் மேற்குக் கதவு அந்த இடத்துக்குள் திறக்கும்படி ஆகிவிட்டது. அதைச் செங்கல் வைத்து அடைத்தேன். தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த நாட்களில் செய்த வேலை. கொத்தனாரும் போர்மேன் முனியராஜும் தவிர யாரும் அங்கே இல்லை.

"பிளான்ல நாலு கதவு இருக்கேம்மா. வந்து பாத்தாகன்னா என்ன செய்ய?" என்றான் முனியராஜ்.

"நாலு கதவு இருக்கும்" என்றேன்.

சங்கிலிமுத்து கல்யாண மேடைகளுக்குப் பின்னணி வரைகிறவன். அரண்மனை, தாமரைக் குளம், மயில் என்று கேட்டதைப் போட்டுத் தருவான். அவனைக் கூட்டிவந்து, மூடிய இடத்தின் வெளிச்சுவரில் ஒரு கதவு வரையச் சொன்னேன். அழகுக்கு என்று சொன்னேன், நம்பினான். அவன் கதவு மோசமில்லை, ஆனால் கீலின் நிழல் தப்பான பக்கம் விழுகிறது. போய்ப் பாருங்கள், இப்போதும் தெரியும். அவன் வெளியே ஒரு கதவைப் போட்டுவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். உள்ளே அவன் காலெடுத்தே வைக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

உள்பக்கம் நான் வரைந்தேன்.

எத்தனை நாள் ஆனது என்று எண்ணவில்லை. மற்ற மூன்று கதவுகளையும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சைப் பெயிண்ட் எங்கே உதிர்ந்திருக்கிறது, பலகையில் மரக்கணு எங்கே இருக்கிறது, பெண்கள் தோளால் தள்ளித் தள்ளி எந்த உயரத்தில் பளபளப்பு ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். அந்தப் பளபளப்பை வரைவதுதான் சிரமம். கைப்பிடி வளையம் மட்டும் நிஜம். அடைத்த கதவிலிருந்து கழற்றியதைச் சுவரில் பதித்தேன். வளையத்தைச் சுற்றி அலுமினியப் பவுடர் பட்ட கைகளின் சாம்பல் நிறத்தைத் தேய்த்தேன்.

அப்புறம் அடிச்சந்து. நிஜக் கதவுக்கு அடியில் விரல் நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கும். பகலில் அதன் வழியே ஒரு கோடு வெளிச்சம் வரும். வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து அந்த வெளிச்சத்தைச் சுவரின் அடியில் போட்டேன். எழுந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது, அந்தப் பக்கம் வெயில் அடிப்பது போலவே இருந்தது. அந்தப் பக்கம் இருட்டில் மருந்து இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

கம்பெனி திறந்த முதல் வாரத்திலேயே இருளம்மாள் அதில் முட்டிக்கொண்டாள். அச்சங்குளத்துக்காரி, எங்களிடம் வெகுகாலமாக வேலை பார்ப்பவள். புழுக்கமாக இருக்கிறதென்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் தோளைக் கொடுத்திருக்கிறாள். நெற்றி பிளந்துவிட்டது. நான் போனபோது ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவுன்னு நெனச்சுல்ல தள்ளிப்புட்டேன். என்னம்மா இப்டிப் பண்ணி வச்சிருக்கீக?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வருடக்கணக்காக அந்தக் கதவைத் திறந்து மூடியவள் அவள். அவளே ஏமாந்தாள் என்றால் அந்த வேலையைப் பற்றி வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காயத்துக்குத் தையல் போட ஜீப்பில் அனுப்பிவைத்தேன். அந்த மேற்குக் கதவு பழுது, மற்ற மூன்றும் போதும் என்று முனியராஜ் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, வேலை வேண்டுமல்லவா.

ஆனி மாதக் காற்றில் ஆய்வுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மேல்காற்று வீசும்போது மேற்குக் கதவைச் சாத்தி வைப்பதுதான் வழக்கம். திறந்திருந்தால் மருந்து பறக்கும், தூசி விழும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்த மாதத்தில் மேற்குக் கதவு மூடித்தான் இருக்கும். வந்தவர் உள்ளே நின்று நாலு பக்கமும் திரும்பினார். விரலால் எண்ணினார். ஒரு கை வைத்துத் தள்ளியிருந்தால் போதும். தள்ளவில்லை. நடுவிலிருந்த பொட்டல் சுவராகியிருப்பதையும் அவர் கவனிக்கவில்லை. வெளியே வந்து இளநீர் குடித்துவிட்டு, "நீட்டா வச்சிருக்கீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பார்ப்பது வேறு, எண்ணுவது வேறு. அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு சீசன் சூடு பிடித்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து வேனில் புதிதாகப் பெண்பிள்ளைகள் வந்தார்கள். அந்த ரூமில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், முனியராஜ் தலையில் கட்ட வேண்டாம். உட்காரச் சொன்னது நான்.

இருளம்மாள் என்னைத் தேடி ஆபீஸுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பழகுனவுகளுக்குச் சரிம்மா. புதுசா வந்திருக்குற புள்ளைகளுக்கு என்ன தெரியும்? ஏதாச்சும் ஒண்ணுன்னா நேரா அங்கனதான் ஓடுவாக. அம்புட்டு அச்சா இருக்கு. ஒரு பெருக்கல் குறியாச்சும் போட்டு விடுங்கம்மா."

"அம்புட்டு அச்சாவா இருக்கு?" என்று கேட்டேன்.

"வெளிச்சங்கூடத் தெரியுதே" என்றாள்.

பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் நான் போனபோது கதவின் குறுக்கே சுண்ணாம்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. கையாலேயே போட்டிருக்கிறாள், விரல் தடம் தெரிந்தது. பளபளப்பின் மேல், மரக்கணுவின் மேல், எல்லாவற்றின் மேலும் வழிந்து கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போனதும் நான் ஈரத்துணியால் அதைத் துடைத்தேன். கெட்டுப்போன இடத்தைத் திரும்பவும் தீட்டினேன். ஆய்வுக்குப் பயந்து அழித்துவிட்டார் என்று எழுத உங்களுக்கு வசதியாக இருக்கும். வக்கீலுக்கும் அது பிடிக்கும். ஆனால் ஆய்வு முடிந்து போயிருந்தது. அந்தக் குறி அங்கே இருந்திருந்தால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. அது அசிங்கமாக இருந்தது, அழித்தேன். நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

திரும்பி வந்த இருளம்மாள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி சுண்ணாம்பு தொட்டால் வேனில் ஏற வேண்டியதில்லை என்று முனியராஜை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

ஆடி கடைசியில் நடந்தது உங்களுக்கே தெரியும். கிழக்கு வாசலருகே மருந்துத் தட்டு உரசித் தீப்பிடித்தது. தெற்குப் பக்கம் இருந்தவர்கள் தெற்கே ஓடினார்கள். மேற்குப் பக்கம் புதுப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். புகை நிறைந்த அறையில் அடிச்சந்து வெளிச்சம் எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கம் போனார்கள். பிறகு தீ சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக்கும் போய்ச் சேர்ந்தது. கூரை போய்விட்டது. மேற்குச் சுவரில் பாதி நிற்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் அந்தப் பாதிச் சுவரின் படம் வந்தது. கரி படிந்திருந்தாலும் கைப்பிடியும் கீழ்ப் பலகையும் தெளிவாகத் தெரிந்தன. "தத்ரூபமாகப் போலிக் கதவு வரைந்த ஓவியர் கைது" என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் சங்கிலிமுத்துவின் படம். தாமரைக் குளத்துக்கு மேல் எதுவும் வரையத் தெரியாதவன். அவனுக்குத் தத்ரூபமாம்! அந்த வார்த்தையைப் படித்ததும் காபியை வைத்துவிட்டு எழுந்தேன். வக்கீலுக்குப் போன் செய்தேன், கூடாதென்றார். கிளம்பி வந்துவிட்டேன். நான் சங்கிலிமுத்து மேல் இரக்கப்பட்டு வந்ததாக வாசலில் ஒரு நிருபர் சொன்னார். அவர் நல்லவர், அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

தப்பித்த செல்வலட்சுமி கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "இருளம்மாக்கா எங்கூடத்தான் தெக்கு வாசல் வழியா வெளிய வந்துச்சு. திரும்பிப் பாத்துச்சு. 'ஏட்டி அது கதவு இல்லட்டி, அது கதவு இல்லட்டி'ன்னு கத்திக்கிட்டே உள்ள ஓடிருச்சு." அவள் பயத்தில் உளறுகிறாள். வெளியே வந்துவிட்ட ஒருத்தி தீக்குள் ஏன் திரும்ப ஓடப்போகிறாள்? மேற்குச் சுவரடியில் கிடந்த நாலு பேரில் இருளம்மாள் மட்டும் சுவருக்கு முதுகைக் காட்டிக் கிடந்தாள், இரண்டு கையிலும் அந்தப் பிள்ளைகளின் கையைப் பிடித்திருந்தாள் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பியிருப்பாள், கையில் அகப்பட்டதைப் பிடித்திருப்பாள். அதில் பெரிதாகப் படிக்க ஒன்றுமில்லை சார்.

அந்த அறையில் இருந்த எல்லோரிலும் அது கதவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவள் இருளம்மாள் ஒருத்திதான். கடைசியில் அவளும் அங்கேதான் வந்தாள். இரண்டாவது தடவையும் ஏமாந்திருக்கிறாள். அதை எழுதுங்கள். எழுதிவிட்டு, உள்பக்கம் வரைந்தது பொன்னுத்தங்கம் என்று போடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.